பராதைரொயிட்டுச் சுரப்பிகளும் கல்சியச் சமநிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

மனித உடலின் உறுப்புக்களிற் பெரும்பாலானவை, அவற்றின் தொழில் யாதென அறியப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்ணாற் காணப்பட்டுப் பெயரும் பெற்றவை. இருதயம், ஈரல், மண்ணீரல் ஆகியன இத்தகையன. பராதைரொயிட்டுச் சுரப்பிகளின் வரலாறு இவற்றினின்றும் வேறுபட்டது. கழுத்தில், தைரொயிட்டுச் சுரப்பியின் பிற்புறத்தை ஒட்டி, பெரும்பாலானோரில் நான்காக அமைந்துள்ள இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நெல்மணியின் அளவினது. நிறை 30 முதல் 50 மில்லிகிராம் வரையாகும். நான்கையும் ஒன்றுசேர்த்து நிறுத்தாலும் ஒரு கிராமின் ஐந்திலொரு பங்கைத் தாண்டுதல் அரிது. 1880ஆம் ஆண்டுவரை மனித உடலில் இவை இருப்பதை எவரும் முறையாக எழுதிவைக்கவில்லை. எழுதப்பட்ட பின்னரும் இவற்றின் தொழிலைப் பற்றிய கருத்துக்கள் அரை நூற்றாண்டு காலம் தடுமாறின. அத்தடுமாற்றத்தின் விலையைச் செலுத்தியோர் ஆராய்ச்சியாளரல்லர், நோயாளரே.

இச்சுரப்பிகளின் பணி ஒன்றே: குருதியிலுள்ள கல்சியத்தின் அளவைக் குறுகிய எல்லைக்குள் நிலைநிறுத்தல். வளர்ந்த மனிதனொருவனின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு என்புகளிலும் பற்களிலும் உறைந்து கிடக்கின்றது. எஞ்சிய சிறு பங்கே நரம்புகளின் தூண்டலையும் தசைகளின் சுருக்கத்தையும் இருதயத்தின் துடிப்பையும் ஆளுகின்றது. குருதியில் அது குறையின் விரல்கள் விறைத்துத் தசைகள் இழுக்கப்படும். குரல்வளை இறுகி மூச்சு நின்று மரணமும் நேரலாம். மிகுமாயின் சிறுநீரகங்களிற் கற்கள் தோன்றும், உடல் சோரும், மனமும் மயங்கும். மிகையான அக்கல்சியத்திற் பெரும்பங்கு என்புகளிலிருந்தே பறிக்கப்படுவதால் என்புகள் நொய்ந்து முறியும். இவ்வளவும் இன்று பாடநூற் செய்தி. இது பாடநூலை அடைந்த வழியே ஈண்டு ஆராயப்படுகின்றது.

காண்டாமிருகமும் மாணவரும்

இலண்டன் விலங்கியற் சங்கத்தின் தோட்டத்தில் 1834ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டுவந்த இந்திய ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் ஒன்று 1849இன் இறுதியில் இறந்தது. அதன் உடலை வெட்டி ஆராயும் பணி றிச்சார்ட் ஓவனிடம் வந்தது. அக்காலத்து இங்கிலாந்தின் ஒப்பீட்டு உடற்கூற்றியலாளருள் தலைசிறந்தவர் இவர். அப்பெருவிலங்கின் உடலை அறுத்துப் பகுக்கும் வேலை குளிர்காலம் முழுவதும் நீடித்தது. தைரொயிட்டிலிருந்து நாளங்கள் வெளியேறும் இடத்தில், மஞ்சள் நிறமான, செறிந்த, சிறியதொரு சுரப்பியுடல் ஒட்டியிருப்பதை ஓவன் கண்டு குறித்துக்கொண்டார். 1850 பெப்ருவரியிற் சங்கத்தின் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட அவரது கட்டுரையில் இச்செய்தி ஒரு வரியாக அடங்கிவிட்டது. அதற்குப் பெயரிடவோ மனிதனில் அதனைத் தேடவோ அவர் முற்படவில்லை. பல்லாயிரம் உறுப்புக்களை ஒப்பிட்டு வகுத்த ஒருவருக்கு அது மற்றொரு விவரமாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

1877இல் சுவீடன் நாட்டின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராயிருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரொம் என்பார், நாயொன்றின் தைரொயிட்டினருகே சணல்விதையளவான ஒரு சிற்றுடலைக் கண்டார். ஓவனின் குறிப்பு அவருக்குத் தெரியாது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கியபோது அதன் இழையம் தைரொயிட்டின் இழையத்தினின்றும் முற்றாக வேறுபட்டிருந்தது. பின்னர் பூனை, முயல், எருது, குதிரை ஆகியவற்றிலும் அதனைத் தேடிக் கண்டார். இறுதியாக ஐம்பது மனிதச் சடலங்களைச் சோதித்து, மனிதனிலும் இப்புதிய சுரப்பிகள் உளவென நிறுவினார். தைரொயிட்டின் அயலில் உள்ளவை என்னும் பொருளில் அவற்றுக்குப் பராதைரொயிட்டு என்று பெயரிட்டவரும் அவரே. 1880இல் உப்சாலா மருத்துவச் சங்கத்தின் வெளியீட்டில், சுவீடன் மொழியில், அவரது கட்டுரை அச்சாயிற்று. சுரப்பியின் அமைவிடம், வடிவம், குருதியோட்டம், நுண்ணமைப்பு என யாவும் அதிலே விரிவாகக் கூறப்பட்டிருந்தன. இவ்விடத்திலே கட்டிகள் தோன்றக்கூடும் என்பதையும் நோயியலாளருக்கு அவர் உணர்த்திச் சென்றார்.

அதனைப் படித்தோர் மிகச் சிலர். அக்காலத்து மருத்துவ அறிவின் மொழி ஜேர்மன், அடுத்தது பிரெஞ்சு. வடகோடியில் உள்ள சிறியதொரு நாட்டின் மொழியில் எழுதப்பட்ட மாணவரொருவரின் ஆய்வு நூலகங்களில் உறங்கியது. சாண்ட்ஸ்ட்ரொம் மனநோயால் வருந்தி, 1889இல், முப்பத்தேழாம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாம் கண்ட சுரப்பி உயிருக்கு இன்றியமையாதது என்பதை அவர் அறியவில்லை. தைரொயிட்டின் முழுவளர்ச்சி பெறாத கருநிலை எச்சமே அது என எண்ணியிருந்தார்.

ஓர் இடைக்குறிப்பு. மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால், கிறே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரிலே தமிழில் வெளிவந்தது. பராதைரொயிட்டுச் சுரப்பி அதில் இல்லை, இருத்தலும் இயலாது. ஆங்கில மூலத்தை வைத்திருந்த இலண்டன் மாணவனும் இச்சுரப்பியை அறிந்திலன். இவ்வொரு விடயத்திலேனும், மானிப்பாயும் இலண்டனும் அன்று ஒரே நிலையில் இருந்தன.

கழலை வெட்டியோர்

சுரப்பி கண்டறியப்பட்ட கதை இவ்வாறிருக்க, அதன் இழப்பால் நேரும் துன்பம் வேறொரு பாதையில் மருத்துவருக்கு அறிமுகமாகிக்கொண்டிருந்தது. விரல்கள் கூம்பி மணிக்கட்டு மடங்கும் தசையிழுப்பு நோய்க்குத் தெற்றனி என்னும் பெயர் 1850களிற் பிரான்சிலே வழங்கத் தொடங்கியது. கையிற் கட்டிட்டுக் குருதியோட்டத்தைத் தடுத்தால் அவ்விழுப்புத் தோன்றும் என்பதை துறூசோவும், முகநரம்பின்மீது விரலாற் தட்டினால் முகத்தசை துடிக்கும் என்பதைச் செவொஸ்தெக்கும் கண்டனர். இவ்விரு குறிகளும் நோயாளியின் படுக்கையருகே இன்றும் சோதிக்கப்படுகின்றன. நோயின் காரணம் மட்டும் தெரியவில்லை.

மயக்கமருந்தும் கிருமிநீக்க முறையும் பரவியபின், அல்ப்ஸ் மலைநாடுகளில் மலிந்திருந்த கண்டக்கழலை நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தல் சாத்தியமாயிற்று. வியன்னாவில் தியொடோர் பில்றொத்தும், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் தியொடோர் கொக்கரும் இத்துறையிற் பெயர்பெற்றனர். இருவரும் கழலையை முழுவதாக அகற்றினர். ஆயின் அவர்தம் நோயாளருக்கு நேர்ந்த பின்விளைவுகள் ஒன்றாயிருக்கவில்லை. கொக்கரின் நோயாளர் மாதங்கள் செல்லச்செல்ல உடல் வீங்கி, அறிவு மந்தித்து, சிறுவராயின் வளர்ச்சியும் குன்றினர். பில்றொத்தின் நோயாளர் பலரோ சிகிச்சை முடிந்த சில நாட்களுக்குள் தெற்றனியால் வாடினர், சிலர் மாண்டனர்.

இவ்விருவரின் கைத்திறனையும் நேரிற் கண்டிருந்த அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் வில்லியம் ஹால்ஸ்ரட், பிற்காலத்தில் இவ்வேறுபாட்டிற்கு ஒரு விளக்கம் தந்தார். கொக்கர் குருதி சிந்தாது, நிதானமாக, தைரொயிட்டின் உறையை ஒட்டியே வெட்டுபவர். ஆதலின் தைரொயிட்டு முழுவதும் அகன்றது, பிற்புறத்திருந்த சிறு சுரப்பிகள் தப்பின. பில்றொத் விரைந்து வெட்டுபவர். தைரொயிட்டின் துணுக்குகள் எஞ்சின, ஆனாற் சிறு சுரப்பிகளோ அவற்றின் குருதிக்குழாய்களோ அழிந்தன. இரு மேதைகளின் வெட்டும் பழக்கத்திலிருந்தே இரு சுரப்பிகளின் தொழில்களைப் பிரித்தறியலாம் என்னும் இக்கருத்து மருத்துவ வரலாற்றின் நுட்பமான அவதானங்களுள் ஒன்று. எனினும் பேர்ணிலும் வியன்னாவிலும் அன்று படுக்கையிற் கிடந்தோருக்கு இது காலங்கடந்த ஞானமே.

ஆய்வுகூடத்திலும் இதே குழப்பம் நிலவியது. தைரொயிட்டை அகற்றினால் நாயும் பூனையும் இழுப்புக் கண்டு இறந்தன, முயல் பிழைத்துக்கொண்டது. ஊனுண்ணிக்கும் தாவரவுண்ணிக்கும் உள்ள உணவு வேறுபாடே காரணமெனக் கருதியோர் உண்டு. 1891இல் பாரிசின் உடற்றொழிலியலாளர் ஓஜென் கிளே, மறக்கப்பட்டிருந்த சாண்ட்ஸ்ட்ரொமின் கண்டுபிடிப்பை மீட்டெடுத்தார். முயலில் ஒரு சோடிப் பராதைரொயிட்டுகள் தைரொயிட்டினின்றும் விலகி அமைந்துள்ளன. ஆகவே தைரொயிட்டை வெட்டும்போது அவை தப்பிவிடுகின்றன. அவற்றையும் சேர்த்து அகற்றியபோது முயலும் தெற்றனியால் இறந்தது. உணவுக் கோட்பாடு அன்றே வீழ்ந்தது. ஆயினும் கிளேயும் அச்சுரப்பிகளைத் தைரொயிட்டின் இளம்வடிவமாகவே எண்ணினார். 1895இல் பிராகு நகரின் அல்பிரெட் கோன் இழையவியல் அடிப்படையில் அவை தனியான உறுப்பே என வாதித்தார். அடுத்த ஆண்டில் இத்தாலியரான வசாலேயும் ஜெனராலியும் தைரொயிட்டைத் தொடாது பராதைரொயிட்டுகளை மட்டும் அகற்றிக் காட்டினர். விலங்குகள் தெற்றனியால் இறந்தன. ஓவனின் கத்தி தொட்ட அச்சுரப்பி உயிருக்கு இன்றியமையாததென உறுதிப்பட நாற்பத்தாறு ஆண்டுகள் சென்றன.

கல்சியம் புகுந்தது

சுரப்பிக்கும் கல்சியத்துக்கும் உள்ள தொடர்பு இதுவரை எவருக்கும் புலப்படவில்லை. கல்சியத்தின் உடற்றொழிற் பங்கினை முதலிற் காட்டியவர் சிட்னி றிங்கர் என்னும் இலண்டன் மருத்துவர். அதனைக் காட்டியதும் ஒரு தவறினாலேயே. தவளையின் இருதயத்தை உடலிலிருந்து எடுத்து உப்புக்கரைசலில் துடிக்கவைத்த பரிசோதனையின் முடிவுகளை அவர் 1882இல் வெளியிட்டார். அக்கரைசல் காய்ச்சிவடித்த நீராலன்றி இலண்டன் குழாய்நீராலே ஆக்கப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. தூய நீரிற் செய்தபோது இருதயம் நின்றுவிட்டது. சிறிதளவு கல்சியம் சேர்த்ததும் துடித்தது. குழாய்நீரிலிருந்த சுண்ணச்சத்தே முன்னைய வெற்றியின் இரகசியம். 1883இல் றிங்கர் தம் தவற்றைத் தாமே அச்சிலேற்றித் திருத்தினார். தவறு நேர்வது ஆய்வுகூடங்களுக்குப் புதிதன்று. அதை மறையாது ஆராய்ந்தமையே அவரை வரலாற்றில் இருத்தியது.

இவ்விரு நூல்களையும் முடிந்தோர் அமெரிக்காவின் பல்றிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கலமும் கார்ல் வேக்லினும் ஆவர். பராதைரொயிட்டு அகற்றப்பட்டுத் தெற்றனியால் துடித்த நாய்களின் குருதியிற் கல்சியம் குறைந்திருப்பதை அவர்கள் அளந்தறிந்தனர். கல்சிய உப்பை நாளத்திற் செலுத்தியதும் விலங்கு சில நிமிடங்களில் எழுந்து நடமாடியது. 1908, 1909ஆம் ஆண்டுகளில் வெளியான இம்முடிவுகள் விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. உடலிற் பிறக்கும் நச்சுப் பொருளொன்றை அழிப்பதே இச்சுரப்பியின் தொழில் என்னும் கொள்கை பலமாயிருந்தது. குவனிடீன் என்னும் பொருளே அந்நஞ்சு என 1916ஐ அண்டிய ஆண்டுகளிற் கிளாஸ்கோ ஆய்வாளர் வாதிட்டனர். சுரப்பி எதையோ அழிக்கிறதா, எதையோ சுரக்கிறதா என்பதே வினா. சுரக்கும் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினாலன்றி விடையில்லை.

இன்சுலினைத் தூய்மையாக்குவதில் ரொறன்ரோவிற் பங்கேற்ற கனேடிய உயிரிரசாயனவியலாளர் ஜேம்ஸ் கொலிப் 1925இல் அதனைச் செய்தார். எருதின் பராதைரொயிட்டுகளைச் சூடான ஐதரோகுளோரிக் அமிலத்திற் காய்ச்சி அவர் பெற்ற சாறு, தெற்றனி கண்ட நாய்களைக் காத்தது. அளவு மிஞ்சியபோது கல்சியத்தை வரம்புமீறி உயர்த்தி அவற்றைக் கொன்றது. அடொல்ப் ஹன்சன் என்னும் அமெரிக்கர் சற்று முன்னரே ஒத்த சாறொன்றைத் தயாரித்திருந்தமையால் முன்னுரிமைப் பிணக்கொன்றும் எழுந்தது. அது ஈண்டு வேண்டற்பாலதன்று. ஓமோன் ஒன்று உண்டு. அது குருதியிற் கல்சியத்தை உயர்த்துகின்றது. மிகுந்தால் நஞ்சாகும் என்பன ஐயமற நிறுவப்பட்டன. இதன் விளைவை உணர வியன்னாவில் அதே ஆண்டில் நிகழ்ந்ததை நோக்குதல் வேண்டும்.

காரணமா, விளைவா?

1891இல் பிரிட்றிக் பொன் றெக்லிங்ஹவுசன் என்னும் ஜேர்மன் நோயியலாளர், என்புகள் நொய்ந்து நார்த்தன்மையடைந்து உட்குழிவுகள் தோன்றும் நோயொன்றை விவரித்தார். 1904இல் அத்தகைய நோயாளி ஒருவரின் சடலத்தில் பராதைரொயிட்டுக் கட்டி இருந்ததை மக்ஸ் அஸ்கனாசி அறிவித்தார். கட்டியும் என்புநோயும் ஒருங்கே காணப்பட்டால் எதிலிருந்து எது பிறந்தது?

வியன்னா நோயியலாளர் யாக்கோப் எர்ட்ஹைம் இவ்வினாவுக்கு அளித்த விடை இருபதாண்டு காலம் ஆட்சி செலுத்தியது. எலிகளின் பராதைரொயிட்டுகளை அவர் சுட்டு அழித்தபோது அவற்றின் பற்களிற் கல்சியம் சரிவரப் படியவில்லை. என்புருக்கி நோயால் இறந்தோரின் சடலங்களில் நான்கு சுரப்பிகளும் பருத்திருந்தன. ஆகவே கல்சியம் படிவதற்குச் சுரப்பி உதவுகின்றது. என்பு நோயுறும்போது, குறையை ஈடுசெய்யவே சுரப்பி பெருக்கின்றது என அவர் முடிவுசெய்தார். பருத்த சுரப்பி நோயின் விளைவே, காரணமன்று. இம்முடிவில் தருக்கப் பிழை காண்டல் எளிதன்று. பரிசோதனை உண்டு, பிரேதச் சான்று உண்டு, இரண்டும் ஒன்றையொன்று தாங்கின. 1915இல் பிரிட்றிக் ஷ்லாகென்ஹவுபர் ஒரு முரணைச் சுட்டினார்: ஈடுசெய்வதற்கெனின் நான்கும் பருத்தல் வேண்டும், ஒன்று மட்டும் கட்டியாயின் அதுவே நோய்க்கு மூலமாயிருக்கலாம், அதனை வெட்டியகற்றிப் பார்த்தல் தகும் என்றார். போர்க்காலம், கேட்டோர் இலர்.

போர் முடிந்தபின் வியன்னாவில் டிராம் வண்டி நடத்துநராகப் பணியாற்றிய, முப்பது வயதைக் கடந்த ஒருவர், கால்களிலும் இடுப்பிலும் நோவு கண்டு, நாளடைவில் நிற்கவும் இயலாதவரானார். 1924இல் அவரது தொடையென்பு முறிந்தது. எக்ஸ்கதிர்ப் படங்கள் என்புகள் எங்கும் நொய்ந்திருப்பதைக் காட்டின. சிறுநீரில் வெண்படிவாகக் கல்சியம் வெளியேறியது. அவரைப் பொறுப்பேற்ற பீலிக்ஸ் மாண்டில் என்னும் இளஞ் சத்திரசிகிச்சையாளர் எர்ட்ஹைமின் கோட்பாட்டில் வளர்ந்தவர். சுரப்பி ஈடுசெய்ய முயன்று தோற்கின்றதாயின் அதற்குத் துணைபுரிதலே மருத்துவனின் கடன். எனவே நோயாளிக்குப் பராதைரொயிட்டுச் சாறு ஊட்டப்பட்டது. பயனில்லை. அடுத்து, விபத்திற் சிக்கிய ஒருவரின் உடலிலிருந்து பெற்ற பராதைரொயிட்டுகள் நோயாளியின் உடலிற் பதியம் செய்யப்பட்டன.

நோய்க்குக் காரணமான பொருளையே மேலும் ஊட்டிய செயல் இது. நேர்மையான ஒரு மருத்துவர், தம் காலத்தின் மிகச்சிறந்த அறிவின் வழிநின்று, எரியும் வீட்டில் நெய்யை ஊற்றினார். அவரைக் குறைகூற இடமில்லை. கோட்பாட்டைக் குறைகூறுவதும் எளிதன்று. மாண்டிலின் பெருமை, நோயாளி தேறாதபோது அக்கோட்பாட்டையே கைவிட்டமையில் உள்ளது. 1925 யூலை 30ஆம் நாள், அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து, நோயாளியின் கழுத்தைத் திறந்தார். இடப்பக்கத்துக் கீழ்ச்சுரப்பி, நீளம் இரண்டு சதமமீற்றருக்கு மேற்பட்ட கட்டியாயிருந்தது. அதனை அகற்றினார். ஒரு வாரத்துக்குள் சிறுநீரிற் கல்சியம் வீழ்ந்தது, நோவு தணிந்தது, மாதங்களில் என்புகள் மீண்டும் செறிந்தன, படுக்கையிற் கிடந்தவர் தடியூன்றி நடந்தார்.

எர்ட்ஹைம் பிழைபட்டார் என்று இங்கே கதையை முடித்துவிடுவோர் பலர். அது முழு உண்மையன்று. வைற்றமின் டி குறைவால் வரும் என்புருக்கியிலும், சிறுநீரகம் செயலிழந்தோரிலும் நான்கு சுரப்பிகளும் பருப்பது கல்சியக் குறைவுக்கு எதிர்வினையாகவே. அவர் சோதித்த சடலங்களைப் பொறுத்தவரை எர்ட்ஹைம் கண்டது சரி. எல்லா நோய்க்கும் அதனை விரித்தமையே பிழை. இன்று முதனிலை மிகைச்சுரப்பு, துணைநிலை மிகைச்சுரப்பு என இரண்டாகப் பகுக்கப்படுவதன் வேர் இவ்விவாதத்திலேயே உள்ளது.

மாண்டிலின் நோயாளியும் நிலையான நலம் பெறவில்லை. 1932ஐ அண்டி நோய் மீண்டது. மறுபடி கழுத்தைத் திறந்தும் கட்டி அகப்படவில்லை. 1936இல் அவர் இறந்தார். மாண்டில் யூதர், 1938இல் ஒஸ்திரியா ஹிட்லரின் ஆட்சிக்குட்பட்டபோது வியன்னாவை விட்டு எருசலேம் சென்று, போர் முடிந்தபின்னரே திரும்பினார்.

கப்பற்றலைவரின் ஏழு சிகிச்சைகள்

அத்திலாந்திக்கின் மறுகரையில், வியன்னாச் செய்தியை அறியாமலே, இதே முடிவுக்கு வேறொரு வழியால் வந்தனர். அமெரிக்க வணிகக் கப்பற்றலைவர் ஒருவர், ஆறடிக்கு மேல் உயர்ந்த கட்டுடலினர், சில ஆண்டுகளுக்குள் முள்ளென்புகள் நசுங்கி ஏறத்தாழ 7 அங்குலம் குறுகிப்போனார். என்புகள் பலமுறை முறிந்தன. சிறுநீரிற் கற்கள் வந்தன. 1926இல் நியூயோர்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் யூஜின் டுபுவா அவரது குருதியிற் கல்சியம் மிகுந்திருப்பதை அளந்தார். கொலிப்பின் சாற்றை மிகையாக ஏற்ற நாய்களின் நிலையும் இதுவே என்பதை உணர்ந்து, பராதைரொயிட்டு மிகைச்சுரப்பு என நிருணயித்தார். பிரேத பரிசோதனையின் துணையின்றி, உயிரோடிருப்பவரின் குருதியை அளந்து இந்நோய் இனங்காணப்பட்டது.

நோயை அறிந்தாயிற்று, கட்டியைக் காண்பதுதான் அரிதாயிற்று. பொஸ்ரனின் மசச்சூசெற்ஸ் பொது மருத்துவமனையில் 1926இல் இருமுறையும், பின்னர் நியூயோர்க்கில் ஒருமுறையும் கழுத்தைத் திறந்தனர். கட்டியில்லை. 1932இல் மீண்டும் பொஸ்ரனில் எட்வேட் சேர்ச்சிலும் இளையவரான ஒலிவர் கோப்பும் பொறுப்பேற்றனர். கோப் முதலில் முப்பது சடலங்களை அறுத்து, இச்சுரப்பியின் நிறத்தையும் உருவத்தையும் கண்ணுக்குப் பழக்கினார். மேலும் மூன்று சிகிச்சைகள் கழுத்திற் பயனின்றி முடிந்தன. நோயாளியான கப்பற்றலைவர் தாமே மருத்துவ நூல்களைப் படித்து, சுரப்பி மார்புக்குள் இருக்கக்கூடும், மார்பைத் திறவுங்கள் என வற்புறுத்தினார் என்பது பதிவாகியுள்ளது.

அவர் சொன்னதிற் பொருளிருந்தது. கருவளர்ச்சியில் மேற்சுரப்பிகள் நான்காம் தொண்டைப்பையிலிருந்தும், கீழ்ச்சுரப்பிகள் மூன்றாம் பையிலிருந்தும் தோன்றுகின்றன. மூன்றாவதே மேலுள்ள பை. ஆயினும் அதிற் பிறந்த சுரப்பிகள் தைமசுச் சுரப்பியோடு சேர்ந்து கீழிறங்கி, உடன்பிறந்தவற்றைக் கடந்து சென்றுவிடுகின்றன. அப்பயணம் சிலரில் உரிய இடத்தில் நில்லாது மார்புக்கூட்டுக்குள்ளும் தொடரும். 1932இன் ஏழாவது சிகிச்சையில் மார்பென்பு பிளக்கப்பட்டபோது, 3 சதமமீற்றர் விட்டமுள்ள கட்டி அங்கிருந்தது. முழுவதையும் எடுத்தால் தெற்றனி வருமென அஞ்சி ஒரு சிறு பகுதியைக் குருதிக்குழாயோடு விட்டுவைத்தனர். அவ்வச்சம் வீணன்று: பட்டினிகிடந்த என்புகள் கல்சியத்தை உறிஞ்சிக்கொள்ளத் தெற்றனி கண்டது. சில வாரங்களின் பின், சிறுநீர்க்குழாயில் அடைத்த கல்லொன்றுக்காகச் செய்யப்பட்ட சிகிச்சையையடுத்து அவர் உயிர்நீத்தார். நோயின் மூலம் நீங்கியும், அது ஏற்கெனவே சிறுநீரகத்திற் செய்திருந்த சேதம் அவரை விடவில்லை.

இம்மனிதரின் துன்பம் வீணாகவில்லை எனக் கூறுதல் மருத்துவ நூல்களின் வழக்கம். அவருக்கு அது ஆறுதலாயிருந்திருக்குமா என்பது வேறு. அவரைத் தொடர்ந்து ஆராய்ந்த குழுவினருள் ஒருவரான புல்லர் ஆல்பிறைற், என்பு முறிவோரிடம் மட்டுமன்றிச் சிறுநீரகக் கல்லுடையோரிடமும் இந்நோயைத் தேடுதல் வேண்டும் என உணர்ந்தார். தேடியபோது நோய் வெளிப்பட்டது. 1934இல் ஒரே மருத்துவமனையிலிருந்து பதினேழு நோயாளரை அவரும் அவர்தம் சகாக்களும் அறிவித்து, அரிதென எண்ணப்பட்ட நோய் பொதுவானதே என வாதித்தனர். 1942இல் அவர் விவரித்த மற்றொரு நோய் இன்னும் வியப்பானது. அந்நோயாளரிற் சுரப்பிகள் செவ்வனே உள்ளன. ஆயினும் கல்சியம் குறைவு. ஓமோனை ஊசிமூலம் ஏற்றினும் பயனில்லை. குறை சுரப்பியில் அன்று, ஓமோனுக்குச் செவிசாய்க்காத உடலில் உள்ளது என ஆல்பிறைற் கூறினார். பெட்டையின் இறகமைப்புடைய செபிறைற் இனச் சேவலை இதற்கு உவமையாகக் காட்டினார். அச்சேவலின் தோலில் ஆணோமோன் பெண்ணோமோனாக மாற்றப்படுவதே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டமையால் உவமை பிழைத்தது, கருத்துப் பிழைக்கவில்லை.

அளவீட்டின் காலம்

எஞ்சியது பெரும்பாலும் இரசாயனத்தின் வரலாறு, விரைந்து சொல்லிவிடலாம். கொலிப்பின் சூடான அமிலம் ஓமோனைப் பிரித்தெடுக்கையிலேயே துண்டாடியும் வந்தது. 1959இல் ஓர்பாக்கும், அவரிற் தனித்து றஸ்முசனும் கிறேயிக்கும், பீனோலைப் பயன்படுத்தி அதனைச் சிதையாது பெற்றனர். அது 84 அமினோ அமிலங்களாலான புரதம் எனவும் அவற்றின் வரிசை இன்னதெனவும் 1970களிற் தெளிந்தது. 1963இல் பேர்சனும் ரொசலின் யாலோவும் தம் கதிரியக்க அளவீட்டு முறையை இவ்வோமோனுக்கும் பயன்படுத்திக் குருதியில் அதன் அளவைக் கண்டனர். அம்முறைக்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றபோது பேர்சன் உயிருடனில்லை. 1970இல் பிறேசரும் கொடிசெக்கும் வைற்றமின் டியின் செயலுரு சிறுநீரகத்திலே ஆக்கப்படுவதைக் காட்டியதும், சிறுநீரகம் பழுதானோரின் சுரப்பிகள் ஏன் பருக்கின்றன என்பதற்கு எர்ட்ஹைம் அறியாதிருந்த விளக்கம் கிடைத்தது. கல்சியத்தின் ஏற்றத்தாழ்வைச் சுரப்பிக்கலம் எவ்வாறு உணர்கின்றது என்பது 1993வரை மறைபொருள். அவ்வாண்டில் பொஸ்ரனிற் பிறவுணும் ஹெபேட்டும் அவர்தம் குழுவினரும் கலத்தின் மேற்பரப்பிலுள்ள கல்சிய உணர்வேற்பியை இனங்கண்டனர். அவ்வேற்பியை ஏமாற்றிச் சுரப்பை அடக்கும் சினகல்செற் என்னும் மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒரு விந்தையை மட்டும் தனித்துக் குறிப்பிடல் வேண்டும். கொலிப்பின் சாற்றைச் சிறிதளவாக எலிகளுக்கு ஏற்றினால் என்பு தேய்வதற்கு மாறாக வளர்வதை 1930ஐ அண்டிய ஆண்டுகளிலேயே சிலர் கண்டிருந்தனர்; அதனை எழுதியோருள் ஹான்ஸ் செலியேயும் ஒருவர். எவரும் பொருட்படுத்தவில்லை. எழுபதாண்டுகளின் பின், இவ்வோமோனின் முதல் 34 அமினோ அமிலங்களாலான துண்டு என்புநலிவுக்கு மருந்தாக 2002இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இடைவிடாது மிகுந்திருப்பின் என்பைக் கரைக்கும் அதே ஓமோன், நாளுக்கு ஒருமுறை ஊசியாக ஏற்றப்படின் என்பைக் கட்டுகின்றது.

1970களிற் குருதியின் பல கூறுகளை ஒருங்கே அளக்கும் தானியங்கிக் கருவிகள் மேலைநாட்டு மருத்துவமனைகளிற் பரவியபின் நோயாளரின் முகமே மாறிவிட்டது. வேறெதற்கோ சோதிக்கப்பட்ட குருதியிற் கல்சியம் சற்றே மிகுந்திருப்பது தற்செயலாக வெளிப்பட்டது. முறிந்த என்போ கல்லோ இல்லாத, தாம் நோயாளர் என அறியாத, பெரும்பாலும் நடுவயதைக் கடந்த பெண்கள் இப்போது இந்நோய்க்கு உரியோராயினர். அவர்களுள் எவருக்குக் கத்தி வேண்டும், எவரைக் கண்காணித்தல் போதும் என்னும் விவாதம் 1990இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டிலிருந்து இன்றுவரை தொடர்கின்றது.

சத்திரசிகிச்சையும் மாறியுள்ளது. கதிரியக்கப் பொருளொன்றை ஏற்றிப் படம்பிடித்துக் கட்டியின் இடத்தை முன்கூட்டியே அறியும் முறை 1989 முதல் வழக்கில் வந்தது. இவ்வோமோன் குருதியில் நிலைத்திருப்பது சில நிமிடங்களே. ஆதலால், கட்டியை எடுத்துப் பத்து நிமிடங்களின் பின், நோயாளி மேசையிற் கிடக்கையிலேயே குருதியை மீண்டும் அளக்கின்றனர். ஓமோன் பாதிக்குமேல் வீழ்ந்திருப்பின் கழுத்தைத் தைத்து மூடுவர். வீழாதிருப்பின் எஞ்சிய சுரப்பிகளையும் தேடுவர். அவ்வசதி இல்லாத இடங்களில், கோப் முப்பது சடலங்களிற் பழகிய அதே முறையில், நான்கு சுரப்பிகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணாற் கண்டு, பருத்தது எதுவெனத் தீர்மானிக்கின்றனர்.